பேனரில் எங்கள் வீட்டு இனிஷியல்

எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் இப்போதெல்லாம் யாரும் கல்யாணம் செய்வதில்லை. உத்திரமேரூரில் ஏசி மண்டபம் இருக்கும்போது, சுற்றினால் டப் டப்பென்று அடித்துக்கொள்கிற மின்விசிறியுள்ள இந்தக் கூடம் யாருக்கு வேண்டும்? கொஞ்ச காலம் நெல் மூட்டை அடுக்கினார்கள். கொஞ்ச காலம் ஆடுகள் படுத்திருந்தன. அப்புறம் ஊர்ப் பையன்கள் ஊராட்சியில் கேட்டுச் சாவி வாங்கி, வெள்ளையடித்து, கேரம் போர்டு, வாலிபால் நெட் என்று கொண்டுவந்து சேர்த்தார்கள். வாசலில் விளையாட்டு மன்றம் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அப்படி யாரும் அதைச் சொல்வதில்லை. ஊருக்கு அது கிளப்.

நான் கிளப்புக்குப் போகிற பொம்பளையாக ஆவேன் என்று எவராவது முன்பு சொல்லியிருந்தால் செருப்பைக் கையில் எடுத்திருப்பேன். அந்தக் குழந்தையால்தான் போனேன். இது நல்லபடியாக முடிந்த கதை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அவள் நான் பெற்ற பெண் இல்லை. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. தத்து எடுத்தோம் என்றும் நினைத்துவிடாதீர்கள், தத்து வேறு, இது வேறு. அம்மா செத்துப்போய், குடிகார அப்பனோடு பாலாற்றுப் பக்கம் சூளை சூளையாக அலைந்து, பள்ளிக்கூடம் போகாமல் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தவளை அதிகாரிகள் மீட்டு ஓர் இல்லத்தில் வைத்திருந்தார்கள். இல்லத்தைவிட ஒரு வீடு நல்லது என்று, வளர்க்க மனமுள்ள குடும்பங்களைத் தேடினார்கள். வளர்ப்புப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். பிள்ளை அரசாங்கத்தின் பொறுப்பு. சோறும் பாயும் பாசமும் நம் பொறுப்பு. வேண்டாம் என்று அவர்களுக்குத் தோன்றினால் எந்த நாளும் அழைத்துப் போகலாம்.

எங்களிடம் அவளைக் கொண்டுவந்து விட்ட அதிகாரி சின்ன வயதுப் பெண். எல்லாம் ஒழுங்காகப் போனால், வருஷா வருஷம் நீட்டித்து நீட்டித்து, பன்னிரண்டாவது முடிக்கும்வரைகூட இவள் உங்களோடு இருக்கலாம் என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் மடியில் முடிந்துகொண்டேன். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னாள். குழந்தையின் ஃபோட்டோ வெளியே போகக் கூடாது. அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று அப்பனுக்குத் தெரியக் கூடாது. போனில் ஸ்டேட்டஸ்கூட வைக்க வேண்டாம் என்றாள். எனக்கு ஸ்டேட்டஸ் வைக்கத் தெரியாது என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தேன்.

நாலாம் வகுப்பில் சேர்த்தோம். வயதுக்கு அது ஒரு வகுப்பு கம்மி. வீட்டில் அவள் பேசவே இல்லை. காலையில் நான் எழுந்து பார்த்தால் முகம் கழுவி, கையைக் கட்டிக்கொண்டு வாசற்படி அருகே நிற்பாள். என்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்கிற நிற்பு அது. ஒன்றும் வேண்டாம், போய் உட்கார் என்றால் இன்னும் பயந்துவிடுவாள். நாங்கள் பார்க்கும்போது சாப்பிட மாட்டாள். அடுப்புக்கு வைத்திருந்த விறகை எடுத்துச் சுவரோரம் ஒரு நூல் பிசகாமல் அடுக்கி வைப்பாள். 

எனக்கோ கோபம் மூக்கின் மேல். பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால் போதும், அவள் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க நானும் மாடும். சாயங்காலமானால் நானும் அவளும். பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? தெருவில் போகிறவர்களெல்லாம் நின்று, கவர்மென்ட் குழந்தையா, என்ன ஜனம், எந்த ஜாதி என்று கேட்டார்கள். எனக்கே சொல்லப்படாததை நான் எங்கே சொல்வது? தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் தெருவுக்கு வடசென்னையிலிருந்து மருமகளாக வந்தவள் ஒருத்தி உண்டு. சீர்வரிசையில் பீரோ, கட்டில், மிக்ஸியோடு ஒரு கேரம் போர்டையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவள். மாமியார் அதைப் பரண்மேல் தூக்கிப் போட்டாள். இவள் இறக்கினாள். மாமியார் திரும்பவும் ஏற்றினாள். ஒரு நாள் இவள் போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு நேராகக் கிளப்புக்குப் போய், ஆண்பிள்ளைகள் வாயைப் பிளக்க, நடுக்கூடத்தில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து சாயங்காலத்தில் விளக்கு வைக்கிற நேரம்வரை கிளப் பெண்களுக்கு என்று ஆயிற்று. அவள்தான் ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றாள்.

“இன்னாக்கா, வூட்டுக்குள்ளயே குந்திக்கினு கீற? அந்தப் பொண்ணையும் இட்டுக்கினு வா.”

போனோம். முதல் நாள் அந்தப் பிள்ளை கதவோரம் நின்றாள். இரண்டாம் நாளும் நின்றாள். பிறகொரு நாள், ஆட்டம் முடிந்து காய்கள் சிதறிக் கிடந்தபோது, தானே வந்து அவற்றை நடுவில் வைத்து அடுக்க ஆரம்பித்தாள். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, நடுவில் சிவப்பு. செங்கல் அடுக்கிய கை, ஒரு மயிரிழை பிசகவில்லை. வடசென்னைக்காரி ஸ்டிரைக்கரை அவள் பக்கம் தள்ளினாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆடு என்றேன். விரலை வைத்துச் சுண்டினாள். காய் ஒன்றும் விழவில்லை. ஆனால் யாரும் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, அடுத்தவள் தன் ஆட்டத்தை ஆடினாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு அவளைக் கிளப்பிலிருந்து பிய்த்து எடுப்பதுதான் எனக்கு வேலை. போர்டு எட்டவில்லை என்று கிளப்பின் செகரெட்டரி அவளுக்கென்று ஒரு ஸ்டூல் செய்துகொண்டு வந்தான். ஊர் முனையில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவன், பழைய கம்பிகளை வெல்டிங் அடித்து, உட்காரும் இடத்தில் பழைய சீட் கவரைத் தைத்திருந்தான். அவளைத் தவிர வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து விழுந்தபோது கிளப்புப் பெண்கள்தான் முறை போட்டு அவளுக்குச் சோறு போட்டார்கள், தலை பின்னினார்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஊரும் காலனியும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த இடம் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். அங்கே மட்டும் எவரும் அவள் ஜாதியைக் கேட்கவில்லை. சிவப்பை யார் போட்டது என்றுதான் கேட்டார்கள்.

எனக்கும் அந்த இடம் மருந்தாக இருந்தது. பெறாத பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஏதாவது அபத்தமாகச் செய்துவிட்டு, அங்கே போய்ப் புலம்புவேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று பெற்றவர்கள் சொல்வார்கள். பாதி பொய்தான், இருந்தாலும் ஆறுதலாக இருக்கும். கிளப்பில் கத்தித் தீர்த்துவிட்டால் வீட்டில் கத்த வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தேன். ஒரு சாயங்காலம் போர்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “பெரீம்மா, தண்ணி” என்றாள். என்னைத்தான் கூப்பிட்டாள் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைப்பானேன்?

பொங்கலுக்கு உத்திரமேரூரில் சுற்றுவட்டார கிளப்புகளுக்கெல்லாம் போட்டி வைத்தார்கள். சிறுமிகள் கேரத்தில் அவள் ஜெயித்தாள். கடைசி ஆட்டத்தில் சிவப்பைப் போட்டு, அதற்குத் துணைக் காயையும் போட்டுவிட்டு, நாங்கள் கூடவே கொண்டுபோயிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டாய் என்று நாங்கள் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்தபடி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தப் பிள்ளை ஒருத்தர்மேல் சாய்ந்து தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

இனி பேனர் கதை.

எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் எதுவும் நடக்காது. காது குத்தினால் பேனர், கல்யாணத்துக்குப் பேனர், செத்தால் கண்ணீர் வடிக்கிற பேனர். பேனரில் முகம் இல்லாதவன் ஊரில் இருந்தும் இல்லாதவன். அதற்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போனது உண்டு. பொங்கல் முடிந்த இரண்டொரு நாளில் கிளப்புக்காரர்கள் ஒரு பிளெக்ஸ் அடித்தார்கள். நடுவில் கோப்பையோடு அவள், ஆள் உயரத்துக்கு மேலே. சுற்றிலும் கிளப்பு உறுப்பினர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டும். கீழே எங்கள் ஊர்ப் பெயர். அதற்கும் கீழே அவள் பெயர், முன்னால் இனிஷியல். என் வீட்டுக்காரரின் இனிஷியல்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒன்று, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இன்னொன்று. எனக்குத் தகவல் தெரிந்தபோது இரண்டும் ஏறியாகிவிட்டது. செருப்புகூடப் போடாமல் மெக்கானிக் கடைக்கு ஓடினேன். ஃபோட்டோ வெளியில் போகக் கூடாது என்று கிளப்பில் எல்லோருக்கும் சொல்லித்தான் வைத்திருந்தேன். அவர்களும் ஒழுங்காகக் கேட்டார்கள், ஒருவன்கூட அவள் படத்தைப் போனில் போட்டதில்லை. செகரெட்டரி கையில் கிரீஸோடு திருதிருவென்று விழித்தான்.

“போன்லதானக்கா போடக் கூடாதுன்ன? இது பேனருதான. பொண்ண மட்டும் உட்டுட்டு அடிச்சா, அது நம்ம பொண்ணு இல்லன்னு நாமளே ஊருக்குச் சொல்ற மாதிரி ஆவாதா?”

 இனிஷியலை ஏன் போட்டாய் என்றும் கேட்டேன். இனிஷியல் இல்லாமல் பேர் அடித்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று அவன் என்னைத் திருப்பிக் கேட்டான். அன்றைக்கே இரண்டையும் இறக்கிவிடுவதாகச் சொன்னான். ஊரில் இருந்ததை இறக்கப் போனபோது, அன்று சீக்கிரமே திரும்பிவிட்ட என் வீட்டுக்காரர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கொஞ்சம் இருப்பா, இறக்கலாம் என்றாராம். அவளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவர் பக்கத்தில் பையோடு நின்று தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.  பிறகு அவள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள் என்று செகரெட்டரி சொன்னான்.

உத்திரமேரூர் பேனரை இறக்க மறுநாள் ஆகிவிட்டது. அதற்குள் பார்க்க வேண்டியவன் பார்த்துவிட்டான். அவள் அப்பன் அப்போது வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவளை மீட்ட நாளிலிருந்து அதிகாரிகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் வந்து பார்க்காதவன். ஏதோ வேலையாக வந்து பஸ் மாறியபோது பேனரைப் பார்த்திருக்கிறான். அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் கிளப்பு வாசலில் வந்து நின்றான்.

குடித்துவிட்டு, கண் சிவந்து, சண்டைக்காரனாக வருவான் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். அவன் ஒல்லியாக, தேய்த்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தான். அவள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்த நிமிஷத்தில் ஸ்டூலிலிருந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் நின்ற அதே நிற்பு. அத்தனை மாத வளர்ப்பும் ஒரு நொடியில் எங்கே போயிற்று? அவன் அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எங்களைப் பார்த்துத்தான் கேட்டான்.

“அது எவன் இனிஷியலு? அப்பன் நான் உசுரோட கீறன்ல?”

வந்து அவள் கையைப் பிடித்தான். வடசென்னைக்காரி குறுக்கே விழுந்தாள். வெளியே வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்காமல் அவனை அடித்துவிட்டார்கள். நான் விடுங்கடா, விடுங்கடா என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அவன் மண்டையில் ரத்தம். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். அவளுக்காகத்தான் அடித்தார்கள், பேனர் வைத்ததும் அவளுக்காகத்தான். எங்கள் கையிலிருந்து அவளைப் பறித்தவை அந்த இரண்டு பாசமும்தான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

காஞ்சிபுரத்தில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் நின்றோம். கிளப்பே ஒரு வேன் பிடித்துப் பின்னால் வந்தது. அவர்களை உள்ளே விடவில்லை. குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பொறுமையாகக் கேட்டார்கள். குழந்தையின் படமும் ஊரும் பொதுவில் வந்துவிட்டன, அப்பாவுக்கு இடம் தெரிந்துவிட்டது, அடிதடி நடந்திருக்கிறது, இனி அந்த ஊர் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். வளர்க்கக் கொடுத்த பிள்ளைக்கு உங்கள் இனிஷியல் எப்படி வந்தது என்றும் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். நான் போடச் சொல்லவில்லை, ஆனால் போட்டது எனக்குப் பிடித்திருந்தது என்றார். அந்த மனுஷன் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய பேச்சு பேசி நான் கேட்டதில்லை. அது எங்களுக்கு எதிராகத்தான் போயிற்று.

அப்பனிடமும் கொடுக்கவில்லை. வெளி மாவட்டத்தில் ஓர் இல்லத்துக்கு மாற்ற உத்தரவாயிற்று. திரும்பி வரும் வழியில் அந்தச் சின்ன வயது அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இன்னா பண்ணட்டும்க்கா, எங்கையில ஒண்ணும் இல்ல” என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்வது?

இப்போது அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் நன்மைக்காகவே சொல்வதில்லை. ஒருமுறை போனில் பேச விட்டார்கள். சாப்பிட்டியா என்றேன். உம் என்றாள். அங்க கேரம் போர்டு இருக்குதா என்றேன்.  அங்கிருந்தவர்கள் பேசியது போதும் என்று வைத்துவிட்டார்கள். இன்னொரு குழந்தையை எடுத்துக்கொள்கிறீர்களா என்று அதிகாரி கேட்டிருக்கிறாள். என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். என்னாலும் முடியாது. கிளப்புக்கும் நான் போவதில்லை. அவர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். 

அவளை அழைத்துப் போவதற்கு முன்னால் இருந்த நாட்களில் வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உட்கார்ந்து, எந்த நேரத்தில் ஜெயித்தாளோ அந்தப் பெண், அதிலிருந்துதான் எல்லாம் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் அப்படிச் சொல்வது வழக்கம்தான், அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அவள் உள்ளே, பேச்சு காதில் விழுகிற தூரத்தில், பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சாயங்காலம் கிளப்புக்குப் போகணும் என்றாள். அழைத்துப் போனேன். எல்லாரும் வந்திருந்தார்கள். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொருத்தரையும் ஆடக் கூப்பிட்டாள். வடசென்னைக்காரியிடம் தோற்றாள். அடுத்தவளிடம் தோற்றாள். ஸ்டிரைக்கரைப் பிடிக்கவே சரியாகத் தெரியாதவளிடமும் தோற்றாள். குழியின் விளிம்பில் நிற்கிற காயைக்கூட அவள் தொடவில்லை. மனசு சரியில்லை, பாவம் என்று பெண்கள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவள் முகம் அழுகிற முகமாக இல்லை, கணக்குப் போடுகிற முகமாக இருந்தது. ஆட ஆள் தீர்ந்ததும் இறங்கி என்னிடம் வந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

“எல்லார்கிட்டயும் தோத்துட்டேன் பெரீம்மா. இப்ப நான் இங்கயே இருக்கலாமா?”

நேரமாகிவிட்டது, வா, வூட்டுக்குப் போலாம் என்றேன்.